வானமும் கொள்ளாத கடவுள்: விக்கிரகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, திருப்பூர், கோபி பக்கம் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து டீ வரும்போதுதான் உண்மையான கேள்விகள் கிளம்பும். ஆயுத பூஜைப் பொரியைத் தின்னலாமா, குலதெய்வக் கோயிலுக்கு அம்மா கூப்பிட்டால் என்ன சொல்வது, நோம்பிக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, வரி கொடுக்கலாமா. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன், ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுப்பவன். கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தே சபையாரும் சில இடங்களில் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். அந்த இடங்கள் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

கடவுள் பெரியவர் என்று பாடுகிறோம். விக்கிரகம் கூடாது என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

முதலாவது மனதில் இறங்கினால் இரண்டாவது தானாக வரும். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால், "அதைத் தொடாதே, இதைத் தின்னாதே" என்ற பட்டியல்தான் மிஞ்சும். நம் சபைகள் பலவற்றில் அதுதான் மிஞ்சியிருக்கிறது.

ஏசாயா 40ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். எருசலேம் இடிந்து, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனத்துக்குச் சொன்ன ஆறுதல் அது. ஊரும் போய்விட்டது, ஆலயமும் போய்விட்டது. எந்தச் சாமி ஜெயித்தது, எந்தச் சாமி தோற்றது என்று சுற்றியிருந்தவர்கள் தீர்ப்பே எழுதியிருப்பார்கள். அந்த நேரத்தில் தீர்க்கதரிசி கையில் எடுப்பது அளவுச் சாமான்களை: கைப்பிடி, ஜாண், மரக்கால், துலாக்கோல், தராசு. தண்ணீர்களைக் கைப்பிடியால் அளந்தவர் யார், வானத்தை ஜாண் போட்டுப் பார்த்தவர் யார் என்று கேட்டுவிட்டு, "இதோ, ஜாதிகள் ஏற்றச்சாலில் தொங்கும் துளிபோலவும், தராசிலே படியும் தூசிபோலவும், எண்ணப்படுகிறார்கள்" என்கிறார்.

மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டிப் பார்த்த அப்பாருமாருக்கு (தாத்தாமாருக்கு) இதை விளக்கவே வேண்டியதில்லை. மாடு சரிவில் இறங்கி, சால் மேலே வந்து, தண்ணீரையெல்லாம் கொட்டிய பிறகும் அடியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும். அது கிணற்றில் விழுந்ததா, வாய்க்காலில் விழுந்ததா என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. தங்களைச் சிறைபிடித்த பாபிலோன் அந்தச் சொட்டுக்குச் சமம் என்று அடிமைகளிடம் சொல்கிறார். இதைச் சொன்ன பிறகுதான், 18ஆம் வசனத்தில், அப்படிப்பட்டவரை எந்தச் சாயலுக்கு ஒப்பிடப்போகிறீர்கள் என்ற கேள்வி வருகிறது. பெரிய ஆலயத்தைக் கட்டி முடித்த சாலொமோனே பிரதிஷ்டை நாளில், "வானங்களும், வானாதிவானங்களும் உம்மைக் கொள்ளாதே, நான் கட்டின இந்த ஆலயம் எம்மாத்திரம்?" என்றுதான் ஜெபித்தான் (1 இராஜாக்கள் 8:27).

கல்லோ, மரமோ, பணமோ, பொருள் எதுவானாலும் விக்கிரகத்தில் நடக்கும் வேலை ஒன்றுதான்: கொள்ளாதவரை நம் கைக்கு அடக்கமாக்கிக்கொள்வது. கீழே வரும் பதில்களை இதை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

இது முதலாம் கட்டளையா, இரண்டாம் கட்டளையா? கான்வென்டில் ஒன்று சொல்கிறார்கள், ஓய்வுநாள் பள்ளியில் வேறு சொல்கிறார்கள்.

இரண்டு பேரும் சரி. யாத்திராகமம் 20இல் கட்டளைகளுக்கு எண் போடவில்லை. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் வேறே தேவர்கள் வேண்டாம் என்பதையும் சுரூபம் வேண்டாம் என்பதையும் ஒரே கட்டளையாக எண்ணி, கடைசியில் வரும் இச்சையை இரண்டாகப் பிரிப்பார்கள். நாம் முன்னதைப் பிரித்து, பின்னதைச் சேர்த்து எண்ணுகிறோம். மொத்தம் பத்துதான். பிள்ளைக்குப் பரீட்சையில் மார்க் போகாமல் இருக்க, எந்த ஸ்கூலோ அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

பொன் கன்றுக்குட்டி செய்தவர்கள் வேறு சாமியைத்தானே கும்பிட்டார்கள்? நாம் கர்த்தரைத்தானே கும்பிடுகிறோம்?

யாத்திராகமம் 32:5ஐ நிதானமாகப் பாருங்கள். கன்றுக்குட்டிக்கு முன்னால் பலிபீடம் கட்டிவிட்டு ஆரோன் கூறியது, "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்பது. பெயர் மாறவில்லை, கர்த்தருடைய பெயர்தான். மோசே மலையிலிருந்து இறங்கி வரத் தாமதமாகிறது, கண்ணுக்குத் தெரியாத கடவுளோடு காத்திருக்க ஜனங்களுக்குப் பொறுமையில்லை. உடனே கண்ணுக்கு முன்னால் நிற்கும், எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒன்று வேண்டும் என்று கேட்கிறார்கள். அதனால் "நாங்கள் இயேசுவின் பெயரைத்தானே சொல்கிறோம்" என்பது மட்டும் பதிலாகிவிடாது. இந்த ஒரு வசனத்தை வைத்துப் பார்த்தால் நம் சொந்தச் சபையில் நடப்பது பலதும் மாட்டும்.

அப்படியானால் கேருபீன்களையும் வெண்கலச் சர்ப்பத்தையும் செய்யச் சொன்னது யார்?

அதே கடவுள்தான். உருவம் செய்வதே பாவம் என்றால் கட்டளைப் பலகைகளை வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டியின் மேல், சிறகுள்ள தேவதூத உருவங்களான கேருபீன்கள் இருந்திருக்காது. எண்ணாகமம் 21இல் பாம்பு கடித்தவர்கள் நோக்கிப் பார்த்துப் பிழைக்க மோசே வெண்கலச் சர்ப்பத்தைச் செய்தான். நல்லதற்குச் செய்த பொருள். பல நூறு வருடம் கழித்து, ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தபடியால் எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டான் (2 இராஜாக்கள் 18:4). மோசே கையால் செய்தது, அற்புதம் நடந்தது, பழமையானது என்று எந்தச் சலுகையும் அதற்குக் கிடைக்கவில்லை.

கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா தேருக்குப் போகும் கத்தோலிக்கர்கள் விக்கிரகாராதனை செய்கிறார்களா?

அவர்களிடமே கேட்டால் இல்லை என்பார்கள், அதற்குப் பழைய காரணமும் உண்டு. 787இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது, சுரூபத்துக்கும் படத்துக்கும் தருவது வணக்கம், அந்த வணக்கம் படத்தில் உள்ளவரைப் போய்ச் சேர்கிறது என்று தீர்மானித்தது. இயேசு மாம்சமாக வந்தபடியால் அவரைச் சித்தரிக்கலாம் என்பதும் அவர்கள் வாதம். சீர்திருத்தச் சபைகள் இதை ஏற்கவில்லை. சூரிச் நகரில் 1524இல் ஆலயங்களிலிருந்து படங்களையும் சுரூபங்களையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லுத்தரோ, 1522இல் விட்டன்பர்க்கில் ஆட்கள் படங்களை உடைக்கக் கிளம்பியபோது, அவசரமாக ஊருக்குத் திரும்பி வந்து அதைக் கண்டித்துப் பிரசங்கித்தார். முதலில் மனதிலிருந்து எடு என்பது அவர் கட்சி.

என் கருத்து: ஏட்டில் உள்ள அந்த வித்தியாசம் கூட்டத்தில் நிற்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அதனால் நான் சுரூபத்துக்கு முன் மண்டியிடுவதில்லை. அதே சமயம், அக்டோபரில் தேருக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்காவை விக்கிரகாராதனைக்காரி என்று கூப்பிடுவதும் இல்லை. அவர் மனதை அளக்கிற தராசு என்னிடம் கிடையாது.

வீட்டில் இயேசு படம் மாட்டலாமா?

மாட்டியிருப்பதால் மட்டும் பாவம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று தெரிந்திருக்கட்டும். நீண்ட முடி, மேலே நோக்கும் கண், பழுப்பு நிறப் பின்னணி என்று காலண்டரில் பார்த்துப் பழகிய அந்த முகம் 1940இல் வார்னர் சால்மன் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்தது. இயேசுவின் முகஜாடை பற்றிச் சுவிசேஷங்களில் ஒரு வரி கிடையாது. ஜெபிக்கும்போது அந்தப் படத்தைப் பார்த்தால்தான் ஜெபம் வருகிறது என்ற நிலை வந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். இறந்துபோன அப்பாவின் படத்துக்கும் இதேதான். நினைவுக்கு மாட்டலாம். அதற்கு முன்னால் நின்று "நீங்கதான் பாத்துக்கணும்" என்று வேண்டிக்கொள்வது வேறு விஷயம்.

பனியன் கம்பெனியில் வேலை. ஆயுத பூஜைக்கு எல்லாரும் நிற்க வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். திருப்பூரில் வேலை பார்க்கும் யாருக்கும் அந்த நாள் தெரியும். முந்தின நாளே ஓவர்லாக், பவர் டேபிள் எல்லாம் துடைத்து, பஞ்சுத்தூசி தட்டி, எண்ணெய் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டுவார்கள். பூசணிக்காய் உடைபடும், ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் கிடைக்கும்.

இதைப் பிரித்துப் பாருங்கள். மெஷினைத் துடைப்பது உங்கள் வேலை, அதைச் சந்தோஷமாகச் செய்யுங்கள். மற்றவர் பூஜை செய்யும்போது அதே ஹாலில் நிற்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு 2 இராஜாக்கள் 5 உதவும். குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், இனிமேல் கர்த்தருக்குத் தவிர வேறு யாருக்கும் பலியிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரு சங்கடத்தை எலிசா தீர்க்கதரிசியிடம் வைக்கிறான். எங்கள் ராஜா எங்கள் ஊர்ச் சாமி ரிம்மோனின் கோயிலுக்குப் போகும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வார், அப்போது நானும் குனிய வேண்டி வரும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்கிறான். எலிசா பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "சமாதானத்தோடே போ" என்கிறான்.

இதை எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டாக்கிவிடவும் கூடாது. தானியேல் 3இல் மூன்று வாலிபர்கள் சிலைக்கு முன் பணிய மறுத்து அக்கினிச் சூளைக்குப் போனார்கள். அங்கே கேட்கப்பட்டது அவர்களுடைய பணிதல். நாகமானிடம் கேட்கப்பட்டது ராஜாவுக்குக் கைகொடுக்கும் வேலை. ஆகவே ஓரமாக நில்லுங்கள். தீபாராதனைத் தட்டை உங்கள் கையில் கொடுத்துக் காட்டச் சொன்னால், சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே, தனியாக, மரியாதையாகச் சொல்லி வையுங்கள்: "அண்ணா, நான் அதைச் செய்யறதில்லீங்க, மத்த வேலை எதுவானாலும் பாக்கறேன்." பெரும்பாலான இடங்களில் இது ஒரு பிரச்சினையே ஆவதில்லை. பிரச்சினை ஆக்குவது, அன்றைக்குக் காலையில் எல்லார் முன்னாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போவதுதான்.

பொரி, பொங்கல், கெடா விருந்து?

பவுல் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரம் இதற்கே செலவழித்திருக்கிறார். விக்கிரகம் ஒன்றுமில்லை, சாப்பாடு நம்மைக் கடவுளுக்குக் கிட்டச் சேர்ப்பதும் இல்லை. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கலாம், ஒருவர் வீட்டுக்கு அழைத்தால் இலையில் வைப்பதைச் சாப்பிடலாம். இது படைத்தது என்று ஒருவர் குறிப்பாகச் சொன்னால், அவர் மனச்சாட்சிக்காகத் தவிர்க்கலாம். கோயில் பந்தியில் வழிபாட்டின் பங்காக உட்காருவது மட்டும் கூடாது. பக்கத்து மெஷின்காரர் தரும் பொரிப் பொட்டலத்தை நான் வாங்கிக்கொள்வேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்துக் குழம்புவார் என்று தெரிந்தால் அவர் எதிரில் தின்ன மாட்டேன். பவுலின் கணக்கும் அதுதான்.

ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கேட்கிறார்கள்.

வரி என்று பேர் இருந்தாலும் அது சர்க்கார் வரி இல்லை, ஊர் வழக்கம். எதற்கு என்று கேளுங்கள். தண்ணீர்ப் பந்தல், தெருவிளக்கு, ஊர்ச் சாப்பாடு என்று பொதுச் செலவு இருக்கும். அதற்கென்று சொல்லி, தாராளமாக, கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுங்கள். பூஜைச் செலவுக்கு இல்லை என்பதைத் தர்மகர்த்தாவிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள். "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" (ரோமர் 12:18) என்பதில் "உங்களாலானமட்டும்" என்பதற்கு ஒரு விலை உண்டு. பணத்தை மிச்சம் பிடிக்க விசுவாசத்தைச் சாக்காகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அது ஊருக்கு நன்றாகத் தெரியும்.

நான் மட்டும்தான் விசுவாசி. குழந்தைக்கு மொட்டையடித்துக் காதுகுத்த குலதெய்வக் கோயிலுக்கு வா என்று அம்மா அழுகிறார்.

அம்மாவின் அழுகையில் சாமி பாதி என்றால் சொந்தம் பாதி. பேரன் நம் கூட்டத்தை விட்டுப் போய்விடுவானோ என்ற பயம் அது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் வசனம் மட்டும் சொன்னால் வேலைக்கு ஆகாது.

சந்நிதியில் வழிபாட்டில் கலந்துகொள்ள முடியாது. அது தெளிவு. ஆனால் காதுகுத்து என்பது மாமன் மடியில் குழந்தையை உட்கார வைப்பது, தாய்மாமன் சீர் கொண்டுவருவது, பங்காளிகள் ஒரே பந்தியில் உட்காருவது. அதில் விட வேண்டியது எதுவும் இல்லை. வீட்டிலோ மண்டபத்திலோ ஒரு ஜெபம் செய்து, அதே மாமன் மடியில் காதுகுத்தி, மொத்தச் சொந்தத்தையும் கூப்பிட்டு விருந்து போடுங்கள். தேதி வைப்பதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே அம்மாவிடமும் அப்பாவிடமும் தனியாகப் பேசுங்கள். பத்திரிகை அடித்த பிறகு பேசினால் அது அவமானப்படுத்துவது.

சில வாலிபர்கள் கிதியோன் கதையைச் சொல்லி, அப்பாவின் பாகால் பலிபீடத்தை அவன் இடிக்கவில்லையா, நானும் பூஜை அறைப் படங்களை எடுத்து எறிகிறேன் என்று கிளம்புகிறார்கள். கிதியோனுக்கு அந்த இரவில் நேரடியாகச் சொல்லப்பட்ட கட்டளை அது, கர்த்தரோடு உடன்படிக்கை செய்த ஒரு ஜனத்துக்குள் நடந்தது. அம்மா விளக்கேற்றும் இடத்தில் கை வைக்க அதில் யாருக்கும் உரிமை இல்லை. அதற்குப் பதிலாக மாற்கு 7ஐ வாசியுங்கள். "கொர்பான்", அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோரைக் கவனிக்காமல் விட்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று தெரியும். அம்மாவின் சுகர் மாத்திரைக்கும் தோட்டத்துக் கரண்ட் மோட்டார் ரிப்பேருக்கும் பணம் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

கூட்டங்களில் மற்றவர் சாமிகளைக் கேலி செய்து பேசுவது சரியா?

சரியில்லை. எபேசுவில் பவுலின் கூட்டாளிகளைக் கலவரக் கூட்டம் இழுத்து வந்தபோது, இவர்கள் கோயிலைக் கொள்ளையடித்தவர்களும் இல்லை, உங்கள் தேவதையைத் தூஷித்தவர்களும் இல்லை என்று அந்த ஊர் அதிகாரியே சாட்சி சொன்னார் (அப்போஸ்தலர் 19:37). நம் பிரசங்கியார் மைக்கைப் பிடித்த பிறகு நம் ஊரில் யாராவது அப்படிச் சாட்சி சொல்வார்களா?

ஜெப எண்ணெய், தலையணைக்கு அடியில் பைபிள், வண்டியில் வசன ஸ்டிக்கர்?

1 சாமுவேல் 4. பெலிஸ்தரிடம் தோற்ற இஸ்ரவேலர், சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைப் போர்க்களத்துக்குத் தூக்கி வந்தார்கள். பாளயமே ஆர்ப்பரித்தது. முதல் தோல்வியில் ஏறக்குறைய நாலாயிரம் பேர் விழுந்தார்கள், பெட்டி வந்த பிறகு முப்பதாயிரம் பேர். பெட்டியும் போயிற்று. வசனம் ஒட்டிய வண்டியானாலும் ஹெல்மெட் போடுங்கள். எண்ணெய் பூசி ஜெபிக்க யாக்கோபு தன் நிருபத்தில் சொல்கிறார், அதைச் செய்யலாம். இந்த ஊழியக்காரர் ஜெபித்த பாட்டில்தான் வேலை செய்யும் என்று விலை வைத்தால், அது தாயத்து.

போதகருக்கு ஆளுயர மாலையும் ஃபிளெக்ஸும் வைக்கிறார்களே?

லீஸ்திராவில் ஜனங்கள் பவுலையும் பர்னபாவையும் தேவர்கள் என்று நினைத்துப் பலியிட எருதுகளும் மாலைகளும் கொண்டுவந்தார்கள். இருவரும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார்கள் (அப்போஸ்தலர் 14). நம்மவர்கள் ஓடுவதில்லை, போட்டோவுக்கு நிற்கிறார்கள்.

கல்லும் படமும் இல்லாத வீட்டில் விக்கிரகம் இருக்குமா?

பொருளாசையே விக்கிரகாராதனை என்று கொலோசெயர் 3:5 நேராகவே சொல்கிறது. நூல் விலையும் டாலர் விலையும் ஏறி இறங்கும் ஊரில் காலையில் எதை முதலில் பார்க்கிறோம் என்பது அவரவருக்குத் தெரியும். பெண்ணுக்கு எத்தனை பவுன் என்ற பேச்சு ஜெபத்தில் ஆரம்பித்து ஜெபத்தில் முடிவதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நம் சபைகளில் அசையாமல் நிற்கும் விக்கிரகம் ஜாதிதான். ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுப்போம். சம்பந்தம் என்று வந்தால் "நம்ம ஆளுங்களா?" என்று முதல் கேள்வி கேட்போம். இது இன்று நேற்று வந்ததும் இல்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே தென்னிந்தியச் சபைகளில் ஜாதி அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் ஏராளமானோர் சபையை விட்டே எழுந்து போனார்கள். கடவுளை விடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

சங்கீதம் 115 விக்கிரகங்களைப் பற்றி, காதிருந்தும் கேளாது என்று சொல்லிவிட்டு, அவைகளை நம்புகிறவர்களும் அவைகளைப்போலவே ஆவார்கள் என்கிறது. வேறு ஜாதிப் பையனை, அதே சபையில் ஞானஸ்நானம் பெற்றவனை, விரும்புவதாக மகள் சொல்லும்போது அப்பாவுக்குக் காது கேட்காமல் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வசனம் புரியும். குங்குமம் வைத்த மெஷினைப் பார்த்துப் பதறுகிறவர், இந்த விஷயத்தில் "ஊர் உலகத்தோட ஒத்துப் போகணும்ல" என்பார். பொரிப் பொட்டலம் பற்றி மூன்று கூட்டத்தில் பேசும் சபை, இதைப் பற்றி ஒரு கூட்டமாவது பேச வேண்டும்.

ஆடிப் பதினெட்டுக்குப் பவானிக்கோ கொடுமுடிக்கோ போகலாமா?

போகலாம். ஆறு கடவுள் படைத்தது, சங்கீதம் 104 அதற்காக அவரைத் துதிக்கிறது. முளைப்பாரி விடுபவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், ஆற்றுக்கு விளக்கு விடாதீர்கள், கட்டுச்சோற்றைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் கொடுங்கள். மேட்டூரில் தண்ணீர் கூடுதலாகத் திறந்திருந்தால் பிள்ளைகளைப் படித்துறையில் இறக்க வேண்டாம்.